பதினோரு நிமிஷ மாப்பிள்ளை

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. சென்னிமலை முருகன் சன்னதியில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வதாகத்தான் உத்தேசம். மலைக்குப் படி ஆயிரத்துக்கும் மேலே இருப்பதாலும், முழங்கால் சம்மதிக்காததாலும், மலை இருக்கிற திசையைப் பார்த்து இங்கேயே சத்தியம் செய்யப்படுகிறது. முருகனுக்குக் காது நன்றாகவே கேட்கும். நம்பிக்கை வராதவர்கள் நேரில் நல்லூருக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். விசாரிக்க வேண்டிய ஆள் அன்றைக்கு வெளியூர் போயிருப்பார், அது வேறு விஷயம்.

நல்லூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனுக்குத் தரணீதரன்தான் இன்சார்ஜ். வயது முப்பத்து மூன்று. திருப்பூரில் நூல் ஓட்டுகிறவர், சாயம் போடுகிறவர், தைக்கிறவர் எல்லோரும் முக்கியந்தான். ஆனால் பனியனைக் கடைசியாகத் தொடுகிற கை பேக்கிங்காரன் கை. மடித்து, அட்டை வைத்து, பாலித்தீன் கவரில் போட்டு வாயை ஒட்டிவிட்டால், அதற்கப்புறம் அந்த பீஸ் பையருக்குச் சொந்தம். பையர் என்றால் சரக்கு எடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர். அவரைப் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அவர் பேச்சை எடுத்தாலே உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். ஒட்டிய கவரை இங்கே யாராவது பிரித்துவிட்டால் அந்த பீஸ் பழசு. மறுபடி செக்கிங், மறுபடி அயர்ன், மறுபடி மடிப்பு. பதினான்கு வருஷத்தில் தரணீதரன் கை பல லட்சம் கவர்களை ஒட்டியிருக்கிறது. ஒன்றைக்கூடப் பிரித்ததாக வரலாறு இல்லை.

தொழில் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. சோபா வாங்கி ஆறு வருஷம், கடைக்காரர் போட்டுக் கொடுத்த கவரோடுதான் இருந்தது. ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டிய தாள், டிவி திரையின் மேல் ஒட்டிய தாள், மிக்ஸி, ரிமோட், சுவர்க் கடிகாரம், மோட்டார் சைக்கிள் சீட் எல்லாம் வாங்கின அன்றைக்கு எப்படியோ அப்படியே. அவன் அம்மா மாரக்காள் சோபாவில் உட்காரும்போது எழுகிற சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு நாய் குரைக்கும். தரணிக்கு முப்பத்து மூன்று வயதாகியும் அவனுக்கே இன்னும் கவர் பிரிக்கவில்லை என்பது எதிர்வீட்டு அருள்குமாரின் அபிப்பிராயம். அருள்குமார் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். தறிக்கார வம்சம், மிஷினுக்கு என்ன நோய் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பத்துக்கு நான்கு சரியாக இருக்கும்.

பெண் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன ஒரு சித்திரையில், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பதற்காகத் தரணீதரன் ஒரு கேமிங் கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பூட்டினான். பாகம் பாகமாக வரவழைத்தான். நட்டுப் போல்ட்டுகளைக்கூட அளவு வாரியாகச் சின்னச் சின்னக் கவரில் போட்டு, எடுத்து, முறுக்கினான். அதில் கார் ரேஸ் விளையாடுவான். மலைப்பாதையில் முழுசாக ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய ரேஸ் அது.

பெட்டி பூட்டி முடித்த இரண்டாவது வாரம், மருதாசலம் என்கிற தரகர் ஒரு ஜாதகத்தோடு வந்தார். பெண்ணுக்கு ஊர் மடத்துக்குளம். பெயர் யாழினி. இன்ஜினியரிங் படித்துவிட்டு, அப்பா ஈஸ்வரமூர்த்தியின் அறுநூறு தென்னையையும் நான்கு பம்புசெட்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். மோட்டார் புகைந்தால் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார் தரகர். ஒன்பதாவது பொருத்தத்தை அவர்களே போனில் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: யாழினியும் அதே கார் ரேஸைத்தான் விளையாடுகிறாள். தரணீதரனுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் இல்லையென்றால் வேறு பெண் வேண்டாம் என்று மாரக்காளிடம் சொல்லிவிட்டான். வேறு பெண் எங்கே இருக்கிறது என்று மாரக்காளும் கேட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் இங்கிருந்தும் அவள் அங்கிருந்தும் முதல் ரேஸ் ஓட்டினார்கள். பதினோராவது நிமிஷத்தில் தரணீதரனின் பெட்டி பொட்டென்று அணைந்துபோனது. அவன் அப்போது அரை மைல் பின்தங்கியிருந்தான். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதினோராவது நிமிஷம், அதே பொட்டு. அப்போதும் பின்தங்கித்தான் இருந்தான். மூன்றாவது ஞாயிறு, பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு உட்கார்ந்தவன், பத்தாவது நிமிஷத்தில் எப்படியோ அவளை முந்திவிட்டான். பதினோராவது நிமிஷத்தில் பொட்டு.

அன்றைக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, முதல் ரெண்டு வாட்டி தோக்கப் போறீங்கன்னு ஒயரைப் புடுங்குனீங்க. சரி, மானம் ரோசம் இருக்கிற ஆளுன்னு விட்டேன். இன்னைக்கு எதுக்குங்க புடுங்குனீங்க?"

"நான் புடுங்குலீங்க. பெட்டி சூடாகித் தானா ஆஃப் ஆகுதுங்க."

"செயிக்கிறப்போ எனக்குப் பாவம் பாத்தீங்களாக்கும். அது அதைவிட மோசமுங்க."

அவள் கத்தவில்லை. தோற்பதில் தப்பே இல்லை, தினம் தோற்றாலும் தனக்குச் சம்மதம், ஆனால் பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறவர் பாதிச் சாப்பாட்டிலும் எழுந்து போவார், பாதிச் சண்டையிலும் எழுந்து போவார், அப்படிப்பட்ட ஆளோடு தன்னால் ஆகாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். பத்து நாள் கழித்து, புதன்கிழமை, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். வழக்கத்தில் பெண் வருவதில்லை. தான் வரப்போவதாகவும், லேப்டாப் கொண்டுவரப்போவதாகவும், எதிரெதிரே உட்கார்ந்து ஒரு ரேஸை ஒரு மணி நேரமும் முழுசாக ஓட்டி முடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே தரணீதரனுக்குக் கல்யாணம் நடப்பதும் நடக்காததும் அந்தப் பெட்டி அறுபது நிமிஷம் தாக்குப்பிடிப்பதில் வந்து நின்றது.

நோய் என்னவென்பதில் சந்தேகமில்லை. கம்ப்யூட்டருக்கு மூளை பிராசசர். தீப்பெட்டிக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். அதன் தலையில் கூலர் என்று அலுமினியத் தகடு அடுக்கும் ஒரு விசிறியும் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ள வேண்டும். சூடு நூறு டிகிரியைத் தொட்டால், பொசுங்கிப் போகாமலிருக்க பிராசசர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆக, சூடு வெளியே போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் கேள்வி.

அந்தச் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெட்டி ஓடுகிற அறையில் ஈரப் பனியனைக் கொடியில் போட்டால் பெட்டி அணைவதற்குள் காய்ந்துவிடும். சுவரில் இருந்த பல்லி முதல் ஞாயிறே வீட்டைக் காலி செய்துகொண்டு நிழலுள்ள தெருவுக்குப் போய்விட்டது. தெருமுனையில் அயர்ன் கடை வைத்திருக்கும் ஞானசம்பந்தம், கரி தீர்ந்த ஒரு நாள் நாற்பது சட்டைகளைக் கொண்டுவந்து பெட்டியின் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டு போனார். அந்த மடிப்பில் விரலை வெட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள். மாரக்காள் ஊத்துக்குளி வெண்ணெயைப் பாத்திரத்தோடு பெட்டியின் மேல் வைத்து, முருங்கை இலை போட்டு உருக்க ஆரம்பித்தாள். இலை சடசடத்தால் ஒன்பது நிமிஷம், நெய் மணத்தால் பத்து, இறக்கி வைத்தால் பொட்டு. கம்ப்யூட்டருக்குள்ளேயே சூட்டைக் காட்டுகிற எண் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் தெருவில் எல்லோரும் நெய்யைத்தான் நம்பினார்கள்.

முதல் நாள் அருள்குமார் வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். காது சிவந்தது. பஞ்சுதான் என்றார். நிட்டிங் மிஷினில் சூடு ஏறினால் முதல் குற்றவாளி பஞ்சு. நல்லூர்க் காற்றில் பாதி காற்று, மீதி பஞ்சு. பெட்டியைத் திறந்து கம்ப்ரசர் பைப்பை வைத்து ஊதினார்கள். தகடுகளுக்கு நடுவிலிருந்து வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. இரண்டு தலையணை அடைத்து முடித்தார்கள். மிச்சத்தை அருள்குமார் வீணாக்க மனமில்லாமல் தெரிந்த மில்லில் கொடுத்து நூலாக்கி, சாம்பிள் மிஷினில் ஓட்டி, ஒரு பனியனே தைத்துவிட்டார். சைஸ் எல். துவைத்தும் சுருங்கவில்லை.

மறுபடி பெட்டியை ஓட்டினார்கள். பதினோராவது நிமிஷம், பொட்டு.

இரண்டாவது, விசிறி. உள்ளங்கை அகல விசிறிக்கு இந்தச் சூட்டைத் தள்ளுகிற திராணி இல்லை என்று தீர்மானித்து, கம்பெனி ஸ்க்ராப்பில் கிடந்த மூன்றடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் பெட்டிக்கு எதிரில் பொருத்தினார்கள். போட்டதும் பெட்டி மேஜையோடு நகர்ந்து வடக்குச் சுவரில் போய்ச் சாய்ந்தது. சுவரில் இருந்த நாள்காட்டியில் தாள் தாளாகக் கிழிந்து தை மாதம் ஆறாம் தேதியில் போய் நின்றது. மாரக்காள் பதறிப்போனாள், பொங்கல் வைக்காமலே பொங்கல் கழிந்துவிட்டதே என்று இரண்டு வீட்டில் போய் விசாரித்துவிட்டுத்தான் சமாதானமானாள். இவ்வளவு காற்றிலும் பதினோரு நிமிஷம் ஒரு நொடி கூடவில்லை.

அப்போதுதான் அருள்குமாருக்குப் பசை ஞாபகம் வந்தது. பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் பற்பசை மாதிரி ஒரு பசை தடவ வேண்டும். இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று நெருங்கி உட்காருவதற்கு. கூலரோடு ஒரு சின்ன ட்யூபில் கொடுத்திருப்பார்களே, தடவினாயா என்று கேட்டார்.

"இருக்குதுங்ணா. பீரோவுல பத்திரமா இருக்குது."

"தடவுலியா?"

"சீல் ஒடைக்காத ட்யூபுங்ணா."

அருள்குமாரும் திருப்பூர்க்காரர்தான். சீல் உடைக்காத பொருள் என்றதும் அவருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. இருவரும் யோசித்தார்கள். பசை என்பது என்ன, வழுவழுப்பாக இடைவெளியை அடைப்பது. மாரக்காளின் அக்காள் ஊத்துக்குளியிலிருந்து அனுப்புகிற வெண்ணெயைவிட வழுவழுப்பான வஸ்து உலகத்தில் இல்லை. தரணீதரன் தானே கூலரைக் கழற்றினான். அந்த வேலைக்கு வேறு யாரையும் அவன் விடுவதில்லை. பிராசசரைத் துடைத்து, கூலரின் அடிப்பக்கத்தைக் கீறல் விழாமல் பனியன் துணியால் பளபளவென்று துடைத்து, சுண்டைக்காய் அளவு வெண்ணெய் வைத்து அழுத்தினான்.

அந்தத் தடவை பதின்மூன்று நிமிஷம் ஓடியது.

தெருவே கொண்டாடியது. இரண்டு நிமிஷ முன்னேற்றம் என்பது சாதாரணம் இல்லை. ஆனால் வெண்ணெய் உருகி, நெய்யாகி, கமகமவென்று வீதி நெடுக மணந்ததில், பந்தி என்று நினைத்துச் சம்பந்தமில்லாத ஒன்பது பேர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது கொங்கு நாட்டில் வழக்கமில்லை; மாரக்காள் அரிசியும் பருப்பும் போட்டுப் பொங்கி, கம்ப்யூட்டரில் வடிந்த நெய்யையே ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டவர்களில் ஒருவர் அதற்குப் பிறகு கணக்கில் புலியாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு இங்கே உறுதி சொல்ல முடியாது.

உருகிய வெண்ணெய் ஓடிப்போனதும் மறுநாளிலிருந்து பழையபடி பதினொன்று. செவ்வாய்க்கிழமை பொழுதோடு தரணீதரன் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் மடத்துக்குளத்துக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டான். பலகாரத்துக்கு மாவு அரைத்தாயிற்று என்றாள் மாரக்காள். மாவு அரைத்த பிறகு பின்வாங்க முடியாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு காரில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். ஈஸ்வரமூர்த்தி முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தென்னையைப் பார்த்துப் பார்த்து நிமிர்ந்தே போன கழுத்து. கம்பீரமாகப் போய் சோபாவில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக் கவரும் புதுப் பட்டு வேட்டியும் சேர்ந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் இறங்கினார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவர் முகம் மாறாமல், தரையே குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லி அங்கேயே சம்மணம் போட்டுக்கொண்டார். மரியாதைக்காக, கூட வந்த உறவுக்காரர்களான மீதி ஒரம்பரை ஒன்பது பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

யாழினி உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். சோபா, ஃபிரிட்ஜ், டிவி, கடிகாரம், ரிமோட். ஒவ்வொன்றாக அவள் கண் போய்ப் போய்த் திரும்புவதைத் தரணீதரன் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் புத்தம் புதிதாக இருப்பதைப் பார்த்து அவள் மனதுக்குள் மெச்சுகிறாள் என்று நினைத்து அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பத்தரைக்கு ரேஸ் ஆரம்பித்தது. அவள் ஒரு முக்காலியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒயர் இருக்கிற பக்கம் தரணீதரன் கை போகக் கூடாது என்று தன் சித்தப்பாவைச் சுவரோரம் காவல் நிறுத்தினாள். பெண் வீட்டார் ஒரு பக்கம், தெருக்காரர்கள் ஒரு பக்கம் நின்றுகொண்டார்கள். வளைவு வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் உடம்பைச் சாய்த்தார்கள். எட்டாவது நிமிஷம் ஈஸ்வரமூர்த்தி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். ஒன்பதில், பெட்டி மேல் மாரக்காள் வைத்திருந்த பாத்திரத்தில் முருங்கை இலை சடசடத்தது. பத்தில் நெய் மணத்தது. தரணீதரன் கண்ணை மூடவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தான். இந்தத் தடவை அவன் இரண்டு மைல் பின்தங்கியிருந்தான், அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. ஓடினால் போதும் என்றிருந்தது.

பொட்டு.

 தரணீதரனின் இரண்டு கையும் மேஜை மேல்தான் இருந்தன. அழுதுவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். யாழினி அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சுவரோரம் நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா, யாரும் ஒயரைத் தொடவில்லை என்று தலையாட்டினார். அவள் எழுந்து வந்து பெட்டியைத் தொட்டுவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நெசமாவே சூடுதானுங்களா?"

"நெசமாத்தானுங்க."

"மூணு வாட்டியும் இதேதானுங்களா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.  அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தான். அதுவும் கவருக்குள் இருந்தது. அவள் கவரைப் பிய்த்த சத்தத்தில் தரணீதரனின் தோள் லேசாகத் துள்ளியதை அவள் கவனித்துக்கொண்டாள்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பாடியது உண்டு, காபி கொடுத்தது உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண் மாப்பிள்ளையின் பெட்டியைப் பிரித்துப் போட்டது நல்லூரில் அதுதான் முதல் தடவை. பஞ்சு இல்லை. விசிறி சுற்றுகிறது. நெய் வாடை ஏன் என்று அவள் கேட்டதற்கு அருள்குமார் கூரையைப் பார்த்தார். நான்கு திருகாணிகளைக் கழற்றி, கூலரைத் தூக்கித் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. விரல் நகத்தை ஓர் ஓரத்தில் வைத்து நெம்பினாள்.

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருண்டு எழுந்தது.

அதில் இங்கிலீஷில், உபயோகிக்கும் முன் இந்தத் தாளை அகற்றவும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. சூட்டை இழுக்க வேண்டிய உலோகத்துக்கும் சூடான பிராசசருக்கும் நடுவில் அத்தனை நாளும் இந்தத் தாள் கம்பளி போர்த்தினாற்போல் கிடந்திருக்கிறது.

"இதைப் பாக்குலீங்களா?"

"பாத்தேனுங்க. ஒவ்வொரு வாட்டியும் தொடச்சு வெச்சேனுங்க."

"எழுதியிருக்கிறதைப் படிக்குலீங்களா?"

தரணீதரன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். பதினான்கு வருஷமாக அவன் ஒட்டுகிற கவர்களில் இதே வாசகம் ஏழெட்டு மொழியில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் ஒருநாளாவது கவரைப் பிரித்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

"அது பையருக்கு எழுதுனதுங்க," என்றான்.

அருள்குமார் மெதுவாகத் தானும் அதைப் படித்ததாகவும், பையருக்குப் போட்ட எழுத்தில் நமக்கென்ன வேலை என்று விட்டுவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் அது நியாயந்தானே என்று தலையாட்டினார்கள். மடத்துக்குளத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

யாழினி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். சிரிப்பு அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, இந்தப் பெட்டியை வாங்குனது யாருங்க?"

"நானுங்க."

"அப்பொ பையரு யாருங்க?"

 தரணீதரன் பெட்டியைப் பார்த்தான், சோபாவைப் பார்த்தான், ஃபிரிட்ஜைப் பார்த்தான். இந்த உலகத்தில் தனக்காகவும் ஒரு சரக்கு வந்து இறங்கும் என்பது அவனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. காது இரண்டும் சிவக்க, மிகவும் மெதுவாக, "நானுங்களா?" என்றான்.

"நீங்கதானுங்க," என்றாள் யாழினி. அப்புறந்தான் சிரித்தாள். சிரித்து முடிக்க நான்கு நிமிஷம் ஆயிற்று.

பசை ட்யூப் எங்கே என்று கேட்டாள். அவன் போய்ப் பீரோவிலிருந்து எடுத்துவந்து, இந்தத் தடவை அவளிடம் கொடுக்காமல் தானே சீலை உடைத்தான்.  மாரக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். கடுகளவு பசையை வைத்து, கூலரை உட்கார வைத்து, திருகாணிகளை முறுக்கினார்கள். அவள் இரண்டு, அவன் இரண்டு.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பதினோராவது நிமிஷம் வந்தபோது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு. பதின்மூன்று. இருபதில் மூச்சை விட்டார்கள். வேலை செய்ய ஆரம்பித்த கூலர் இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்துச் செய்தது. அரை மணியில் நெய் உறைந்தது. முக்கால் மணியில் ஜன்னல் கண்ணாடியில் பனி கோத்தது. ஈஸ்வரமூர்த்திக்குப் பல் கிட்டியதைப் பார்த்து மாரக்காள் ஒரு சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். அவர் தனக்குப் பொன்னாடை போர்த்திச் சபையில் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் முழுக்க முழுக்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்.

ரேஸ் முழுசாக ஒரு மணி நேரம் ஓடியது. யாழினி செயித்தாள். தரணீதரன் பதினேழு மைல் பின்னால், நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து, ஏறி, பெட்ரோல் தீர்ந்து, கடைசிக் கால் மைல் உருண்டுகொண்டே வந்து கோட்டைத் தாண்டினான். அவன் தாண்டுகிற வரை அவளும் எழுந்திருக்கவில்லை. தோற்றவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நல்லூர் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஈஸ்வரமூர்த்தி சால்வையோடு மகள் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, ஊடு பாத்தாச்சு. என்ன சொல்ற?"

"ஊட்டை இன்னும் யாருமே பாக்குலீங்கப்பா. கவரைத்தான் பாத்திருக்கோம்," என்றாள் யாழினி. சோபாவின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டு, மறு முனையைத் தரணீதரனுக்குக் காட்டினாள். "வாங்க, அந்தப் பக்கம் புடிங்க. என்ற ஊடு எப்படி இருக்குதுன்னு நானும் பாக்கோணும்."

அவன் பிடித்தான். அவள் என் வீடு என்று சொன்னது அவனுக்குப் புரிவதற்குள் பாதி சோபா பிரிந்துவிட்டது. புரிந்ததும் மறு பாதியை ஒரே இழுப்பில் பிரித்தான்.

அதற்கப்புறம் யார் சொன்னாலும் நிற்கிற கூட்டமா அது. பதினோரு ஒரம்பரையும் தெருக்காரர்களும் அறை அறையாகப் புகுந்து பிரித்தார்கள். நீல ஃபிரிட்ஜ் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தது சிவப்பு ஃபிரிட்ஜாக வெளியே வந்தது. டிவி மேல் ஒட்டிய தாளை உரித்ததும், சீரியலில் தான் மாமியார் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தவள் மருமகள் என்று மாரக்காளுக்குத் தெரியவந்தது. மொத்தக் கவரையும் வாசலில் குவித்தபோது, அதன் உச்சியிலிருந்து பார்த்தால் சென்னிமலை தெரிந்ததாக, ஏறிப் பார்த்த அருள்குமார் சொன்னார். பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு மாலை நான்கு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள், ஐப்பசியில் முகூர்த்தம் என்று முடிவு செய்துவிட்டு.

அந்தப் புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக நல்லூர் முழுவதும் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை கரண்ட் இல்லை.